பதிவறை என்ற கம்ப்யூட்டர்

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஒரு தோளில் லேப்டாப், இன்னொரு தோளில் ஒயர்ச் சுருள், கையில் புது ஸ்விட்ச் பெட்டி என்று பொதி சுமந்து மூன்றாவது மாடி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

“வாடி ஒயரு,” என்று ஹாலின் கோடியிலிருந்து குரல் கொடுத்தாள் என் தங்கை. “உன்னைக் கூப்பிட எந்திரிச்சு வரணும்னா என்னைக் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும்.”

ஏழு மாத வயிறு அவளுக்கு. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறக்கும் சமயத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். பத்து வயது மூத்தவள் என்ற மரியாதை மட்டும் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. நான் ஒயரோடு மாரடிக்கிறவள் என்பதால் எனக்கு ஒயரு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். என்றைக்காவது அவள் என்னை ‘நீங்க’ என்று சொல்லியிருந்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

அது கட்டட வரைபடம் போடும் ஆபீஸ். ஒரு நீள ஹால், நெருக்கி நெருக்கி மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் மேனேஜர் அறையில். பகலிலும் குழல் விளக்கு எரிந்தால்தான் முகம் தெரியும். என் தங்கையின் மேஜை கடைசியில், ஒரு வெற்றுச் சுவரை ஒட்டி இருந்தது. பக்கத்தில் போனதுமே ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

“இந்த இடத்துல உக்காந்தா தலைவலி வருதுடி,” என்றாள். “முதுகுல வேற ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு. வேற இடம் கேட்டா அர்ஜெண்ட் குடுக்க மாட்டேங்கறாரு.”

அர்ஜெண்ட் என்றால் மேனேஜர். வாயைத் திறந்தால் எல்லாமே அர்ஜெண்ட் என்பார்.

எனக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். அதுவரை அவர்கள் பென் டிரைவில் பிளானைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தார்கள். ஒருத்தர் புதுப் பிளானில் வேலை செய்ய, இன்னொருத்தர் பழைய பிளானில் வேலை செய்து வைத்திருப்பார். இனிமேல் எல்லா மெஷினிலும் ஒரே ‘காமன் ஃபோல்டர்’ இருக்கும். ஒரு மெஷினில் ஒரு கோடு மாறினால் அடுத்த நொடியே எல்லா மெஷினிலும் அது மாறிவிடும். அதற்கான மென்பொருளைப் போட வந்திருந்தேன். ஒரே ஃபைல் இரண்டு மெஷினில் இரண்டு விதமாக இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று அது கேட்கும். தேதி பார்த்துப் புதியதை வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவது வழக்கம்.

“அதாவது, எது புதுசோ அது ஜெயிக்கும்,” என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

ஆபீசைத் திறந்து மூடுகிறவர் சாவி அண்ணன். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து குலுங்க, எனக்கு ஏணி பிடித்தார். பழைய ஸ்விட்ச், அதாவது எல்லாக் கம்ப்யூட்டர் ஒயரும் வந்து சேரும் பெட்டி, நடைபாதையில் கூரையை ஒட்டி இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். எல்லா ஒயரிலும் பெயர்ச்சீட்டு இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் பெயரில்லாமல், எதிலும் செருகப்படாமல், நுனியில் ஒட்டடையோடு தொங்கியது.

“இது எங்க போகுது அண்ணே?”

“தெரியலம்மா. ரொம்ப நாளாத் தொங்குது.”

எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் செருகுவதுதான் முறை. ஏணியில் நின்று நின்று எனக்குக் கால் கடுத்தது. செருகித் தொலைத்தேன். பச்சை விளக்கு உடனே மினுங்கியது. அந்தக் கோடியில் ஏதோ ஒரு மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. கீழே இறங்கி, வந்து சேருகிற மெஷினையெல்லாம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள் என்று மென்பொருளில் டிக் அடித்துவிட்டு, சாப்பாட்டுப் பையைப் பிரித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மேனேஜரின் குரல் ஹாலைக் கிழித்தது.

“யாரைக் கேட்டு இதை வரைஞ்ச?”

என் தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் பிளான். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவில், கனமான கோட்டில், ஒரு சின்ன அறை.

அதற்குக் கதவு இல்லை. ஜன்னலும் இல்லை.

“சத்தியமா நான் வரையல சார்.”

“உன் மெஷின்ல உன் ஃபைல். பின்ன யாரு, பேயா வந்து வரைஞ்சுச்சு? அவங்க முன்னாடி என் மானம் போச்சுன்னா, உனக்குப் பிரசவ லீவே வேண்டாம். ஒரேயடியா வீட்டுல இருந்துக்கலாம்.”

அவள் வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கப்பல்காரனின் சம்பளம் பாதி நாள் வரும், பாதி நாள் வராது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளைக் கடித்துக் குதறியிருப்பேன்.

“சார், இது சாஃப்ட்வேர்ல வர்ற பிரச்சினை. நான் போட்டது, நானே பாக்கறேன். அவளை விடுங்க,” என்றேன்.

அந்த அறையை அழித்து, ஃபைலைச் சேமித்தேன். போய்விட்டது. ஒரு மூச்சு விடுவதற்குள் திரை சிமிட்டியது.

அறை மறுபடி அங்கே இருந்தது.

மற்ற மேஜைகளிலிருந்து ஒவ்வொரு குரலாக எழுந்தது. “என்னோடதுலயும் இருக்கு.” “இந்த வீட்டுப் பிளான்லயும் வந்துருச்சு.” ஆஸ்பத்திரி, கடை, கல்யாண மண்டபம், எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு மூலையில் அதே அறை, அதே அளவில். கடைசியாக அந்த ஆபீசின் சொந்தப் பிளானைத் திறந்தேன். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று காட்ட எல்லா ஆபீசிலும் ஒன்று வைத்திருப்பார்களே, அது. அதிலும் அறை இருந்தது, ஹாலின் கோடியில், என் தங்கையின் மேஜைக்குப் பின்னால்.

அதற்குள் ஒரு ஆள்.

பிளானில் ஆள் போடுவது வழக்கம்தான். மேலிருந்து பார்ப்பது போல, தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு நீள்வட்டம். இந்த உருவத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. தலை வட்டத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

மென்பொருளில் மெஷின்களின் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் கொடுத்திருந்தேன்: வாசல், தூண், மேனேஜர், கோடி. எல்லாவற்றுக்கும் கீழே நான் கொடுக்காத ஒரு பெயர்.

பதிவறை.

அதிலிருந்துதான் அறை வந்துகொண்டிருந்தது. அதன் கடிகாரம் வரப்போகும் ஏதோ ஒரு வருடத்தைக் காட்டியது. புரிந்துவிட்டது. தேதி அவ்வளவு தூரம் முன்னால் இருந்தால் அந்த மெஷினின் ஃபைல்தான் எப்போதும் புதுசு. நாங்கள் எத்தனை முறை அழித்தாலும் அதுதான் ஜெயிக்கும். அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று நிஜமாகவே சிரித்தேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெயரில்லாத ஒயரைப் பிடுங்கினேன்.

திரும்பி வந்து பார்த்தால், பட்டியலில் பதிவறை பச்சையாகவே இருந்தது.

ஒயர் இல்லாமல் அது எப்படிப் பச்சை காட்டும் என்று பயம் வந்தது. வாய் மட்டும் குறையவில்லை. “எந்த நாய் எங்க ஒளிச்சு வெச்சிருக்குன்னு பாத்துர்றேன்,” என்று சொல்லிக்கொண்டு அந்த ஒயரைப் பிடித்தபடியே நடந்தேன். கூரை ஓரமாகப் போயிற்று. தூணைச் சுற்றிற்று. ஹாலின் கோடிக்கு வந்து, என் தங்கையின் தலைக்கு மேலே இறங்கி, வெற்றுச் சுவருக்குள் போய்விட்டது.

சுவரில் காது வைத்தேன். சில்லென்றிருந்தது. வெளியே மழையின் சத்தம். அதற்கும் உள்ளே, மெலிதாக, கம்ப்யூட்டர் மின்விசிறி சுழலும் சத்தம்.

“ஒயரு,” என்றாள் தங்கை. அவள் முகம் வெளுத்திருந்தது. “எனக்குத் தலை ரொம்ப வலிக்குதுடி. இந்த வெளிச்சமே ஆக மாட்டேங்குது.”

“போய் எங்கயாவது கொஞ்சம் சாஞ்சுக்கோ. நான் பாத்துக்கறேன்.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தைதான் என்னைத் தின்கிறது.

சாவி அண்ணனைத் தனியாக நடைபாதைக்குக் கூப்பிட்டேன். லேப்டாப்பில் அந்த உருவத்தைக் காட்டினேன். தலைக்குக் குறுக்கே இருந்த கோட்டைப் பார்த்ததும் அவர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

“ஸ்கேல் அக்கா,” என்றார், வாய்க்குள்.

“யாரு?”

“இங்க வேலை பாத்தவங்க. சின்ன ஸ்கேல் ஒண்ணை எப்பவும் கொண்டையில செருகியிருப்பாங்க. அதான் அந்தப் பேரு.”

“இப்ப எங்க இருக்காங்க?”

அவர் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவருக்குப் பின்னால் பதிவறை என்று ஒரு அறை இருந்ததாம். பழைய தாள் பிளான்களை ஸ்கேன் செய்ய உள்ளே ஒரு கம்ப்யூட்டர். இரும்புக் கதவு. அதை மூடிவிட்டால் ஹாலில் இன்னும் இரண்டு மேஜை போடலாம் என்று முடிவாகி, மேஜையையும் பழைய கம்ப்யூட்டரையும் உள்ளேயே விட்டுவிட்டு, தாளையெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

“அவங்களுக்கு அடிக்கடி தலைவலி வரும்மா. வெளிச்சம் ஆகாது. அங்க போய்ப் படுத்துக்குவாங்க. தாளையெல்லாம் எடுத்த அன்னிக்குச் சாயங்காலம், மறுநாள்லேர்ந்து லீவு. நான் கதவைப் பூட்டினேன். உள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் பூட்டினேன்.” நிறுத்தினார். “பாத்தேன்னுதான் இத்தனை நாளும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

லீவு நாட்களில் கொத்தனார்கள் வந்து இரும்புக் கதவின் மேலேயே சுவர் எழுப்பிவிட்டார்கள். பிளானில் அங்கே சுவர் என்று இருந்தது. கொத்தனார் பிளானைத்தான் பார்ப்பார், வேறு யாரையும் கேட்க மாட்டார்.

“தேடலையா யாரும்?”

“தனி ஆளு. சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு மேனேஜர் சொன்னாரு.”

“சத்தம் கூடவா கேக்கல?”

“லீவு முடிஞ்சும் அந்த வாரம் பூரா இங்க வேலைதானேம்மா. ஒரே தட்டற சத்தம். எல்லாம் வேலை நடக்கற சத்தம்னு நெனச்சோம்.”

நான் நேராக மேனேஜர் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். பிளானை அவர் முன்னால் வைத்தேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“இது மறுபடி எப்படி வந்துச்சு?” என்றார்.

மறுபடி.

“அப்ப முன்னாடி ஒரு தடவை வந்திருக்கா?”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதும் அவர்களுக்கு ஒரு காமன் ஃபோல்டர் இருந்ததாம். லீவு முடிந்து வந்ததும், ஆபீஸ் பிளானில் யாரோ பழைய அறையைத் திரும்ப வரைந்து, உள்ளே ஒரு ஆளைப் போட்டிருப்பதைப் பார்த்தார். யாரோ விளையாடுகிறார்கள் என்று தன்னிடம் இருந்த பிளானை அதன்மேல் போட்டு அழித்தார். மறுபடி வந்தது. மறுபடி அழித்தார்.

“அப்புறம் அழிக்க முடியல. நான் என்ன போட்டாலும் அதுவே வந்துச்சு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இரும்புக் கதவுக்குள் போன் எடுக்காது. கத்தினால் கேட்காது. வெளி உலகத்துக்கு அவளிடம் இருந்த ஒரே வழி அந்த ஒயர். நான் இங்கே இருக்கிறேன் என்று வரைந்து அனுப்பினாள். இவர் அழித்தார். தன் ஃபைல் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி அனுப்பினாள்.

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“கடுப்பா இருந்துச்சு,” என்றார் மேனேஜர், என்னைப் பார்க்காமல். “ஸ்விட்ச்லேர்ந்து ஒயரைப் புடுங்கிட்டேன்.”



“சுவரை உடைங்க,” என்றேன்.

“இன்னிக்கு முடியாது. பள்ளிக்கூடத்துக்காரங்க வர்ற நேரம். அதுவும் கட்டட ஓனரைக் கேக்காம…” அவர் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. “நாளைக்கு உடைக்கலாம். சத்தியமா நாளைக்கு. இப்ப மட்டும் அந்த ரூம் பிளான்ல வராம ஏதாவது பண்ணுங்க. உங்க தங்கச்சி வேலைக்கு நான் கேரண்டி.”

அந்த ஆளின் வார்த்தையை நம்பி நான் இதைச் செய்யவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிளானில் அவள் உருவம் இப்போது இடம் மாறியிருந்தது. அறையின் நடுவிலிருந்து நகர்ந்து, சுவரோடு சுவராக, என் தங்கையின் மேஜைப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கேட்பது அறையை இல்லை, கதவைத்தான் என்று எனக்குப் பட்டது. அதைக்கூட வரைந்து கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷி?

ஹாலுக்கு வந்து, என் லேப்டாப்பின் கடிகாரத்தை அவளுடையதற்கும் முன்னால் தள்ளினேன். இப்போது நான்தான் புதுசு. அந்தச் சுவரில் ஒரு கதவு வரைந்தேன், ஹால் பக்கம் திறப்பதாக. சேமித்தேன்.

எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு திரையாகச் சிமிட்டி, ஒவ்வொரு பிளானிலும் அந்த அறைக்கு ஒரு கதவு வந்தது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டரில் இல்லை. ஹாலில்.

குழல் விளக்குகள் ஒரு தடவை அணைந்து எரிந்தன. ஈரச் சுண்ணாம்பு வாசனை ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. குனிந்து திரையைப் பார்த்தேன். அறை காலியாக இருந்தது. உருவம் போய்விட்டது.

“போயிட்டாங்க அண்ணே,” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வெளிய போயிட்டாங்க.”

சாவி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போது திரை மறுபடி சிமிட்டியது.

கதவு இல்லை.

அறைக்குள் ஒரு உருவம். தலைக்குக் குறுக்கே கோடு இல்லை. தோளின் நீள்வட்டத்துக்கு முன்னால் மட்டும் ஒரு வளைவு, பெரிய வயிறு போல.

நான் திரும்பினேன். என் தங்கையின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய செருப்பு இரண்டும் சுவரடியில், சுவரைப் பார்த்தபடி, ஒரு அறைக்குள் போகும் முன் வாசலில் கழற்றி விட்டது போல ஒழுங்காக இருந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மேஜையைப் புரட்டித் தள்ளினேன். சாவி அண்ணன் எங்கிருந்தோ கடப்பாரையோடு ஓடி வந்தார். மேனேஜர் குறுக்கே வரவில்லை. வந்திருந்தால் அதே கடப்பாரையால் அவரையும் பிளந்திருப்பேன். செங்கல் செங்கலாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் துருப்பிடித்த இரும்புக் கதவு, பூட்டியபடியே. அந்தக் கொத்தில் அதன் சாவி இன்னும் இருந்தது. சாவி அண்ணனால் அதைச் செருக முடியவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன்.

என் தங்கை தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது.

அவளை வாரி எடுத்தேன். கண் திறந்தாள். விளக்கு வெளிச்சத்துக்குக் கூசி, கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“தலைவலின்னு கொஞ்சம் படுத்தேன்,” என்றாள். “ஏன் பூட்டினீங்க?”

மேஜைக்கு அடியில் இன்னொருத்தியும் படுத்திருந்தாள். அவளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சேலையும் கூந்தலும் எலும்பும்தான் மிச்சம். அங்கிருந்த கம்ப்யூட்டரில் விரல் கனத்துக்குத் தூசி. அதற்குக் கரண்டு இல்லை. ஒயரின் அந்த நுனியும் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

போலீஸ் வந்தது. மேனேஜரையும் சாவி அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேல் அக்காவை அடக்கம் செய்தார்கள். அந்தக் கொண்டை ஸ்கேல் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை என்று ஒரு போலீஸ்காரர் சொன்னது காதில் விழுந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் தங்கை பிழைத்தாள், டாக்டர் வயிற்றில் கருவி வைத்துப் பார்த்துக் குழந்தை நல்லா இருக்கு என்றார். எனக்கு அது போதும்.

அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். தெருக்கோடி வீடு அது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீடும் இல்லை, கடையும் இல்லை. மழைத்தண்ணீர் தேங்கும் காலி மனைதான். அவள் நாள் முழுக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டே வைத்திருந்தாள். வெளிச்சம் கூசுகிறது என்றாள். வேறு ஒரு ஆபீஸ் வீட்டிலிருந்தே பிளான் போடும் வேலை கொடுத்தது. இரண்டு மடங்கு வேகமாகப் போட்டாள்.

“வாங்க, சாப்பிடுங்க,” என்றாள் முதல் நாள்.

“என்னடி புதுசா மரியாதை எல்லாம்?” என்று சிரித்தேன்.

“பெரியவங்க இல்லையா நீங்க?”

அதிர்ச்சியில் இருக்கிறாள், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒயரு என்று கூப்பிடுவாள் என்று தினமும் காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

நேற்று மத்தியானம் அவள் தலை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு உள்ளறையில் வேலைக்கு உட்கார்ந்தாள். நான் கூடத்தில், அந்த ஆபீஸ் வேலைக்குப் பிறகு திறக்காமலே இருந்த என் லேப்டாப்பைத் திறந்தேன். பழைய மென்பொருளை அழித்துத் தலைமுழுகிவிடலாம் என்றுதான். புது வேலைக்காக அவள் லேப்டாப்பிலும் அதே மென்பொருளைப் போட்டிருந்ததால், வீட்டு வைஃபையில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. பட்டியலில் இரண்டு பெயர் இருக்க வேண்டும்.

மூன்று இருந்தது. மூன்றாவது, பதிவறை.

ஆபீஸ் பிளான் தானாகத் திறந்தது. கதவில்லாத அறை. உள்ளே அந்த உருவம், வயிற்றுப் பக்கம் வளைவோடு. பிளானில் ஒவ்வொரு அறைக்குள்ளும் அதன் பெயரை எழுதுவார்கள். சமையலறை, படுக்கையறை என்று. இந்த அறைக்குள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது:

ஒயரு, கதவு வைடி.

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருத்திதான் உண்டு. கதவு வரைந்தேன். சேமித்தேன்.

கதவு மறைந்தது.

மறுபடி வரைந்தேன். மறுபடி மறைந்தது. என் கடிகாரத்தை ஒரு வருடம் முன்னால் தள்ளி வரைந்தேன். கதவு நின்றது. உருவம் கதவை நோக்கி நகர்ந்தது. ‘வா கண்ணு, வந்துரு’ என்று நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். உள்ளறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது, நிதானமாக.

கதவு மறைந்தது.

எழுந்து போய் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். இருட்டில், திரையின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில். லேப்டாப்பின் மூலையில் கடிகாரம், என்னுடையதைவிடப் பல வருடம் முன்னால். கொண்டையில் குறுக்காக, துரு ஏறிய ஒரு சின்ன ஸ்கேல்.

“என் தங்கச்சியை விட்டுரு,” என்றேன். “உன் காலைப் பிடிச்சுக் கெஞ்சறேன். நான்தானே உனக்குக் கதவு வெச்சேன்.”

அவள் ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே எழுந்தாள். சுவரோரம் இருந்த வைஃபை பெட்டிக்குப் போனாள். குனிய முடியாமல் குனிந்து, அதன் ஒயரைப் பிடுங்கினாள்.

“கடுப்பா இருந்துச்சு,” என்றாள்.

கூடத்தில் என் லேப்டாப் ஒரு தடவை பீப் அடித்தது. பட்டியலில் கடைசிப் பெயர் அணைந்திருக்கும்.

அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து, என் கையில் டீக் கோப்பையைக் கொடுத்தாள். டீ நல்ல சூடாக இருந்தது. கை எரிந்தது, எனக்கு அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம், காலி மனைப் பக்கம், யாரோ தட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“பக்கத்துல ஏதோ வேலை நடக்குது போல,” என்றாள். “நீங்க டீயக் குடிங்க.”